டோரீன் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டாள்

லண்டன் போய் வந்தாயே, ராணி மாளிகையைப் பார்த்தாயா என்று எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். பார்த்தேன். பஸ்ஸின் மாடியிலிருந்து, முன்சீட்டுக்காரரின் தொப்பிக்கு இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்ததில் பாதிப் பாதியாகத் தெரிந்தது. முழுசாக, அலுக்க அலுக்க நான் பார்த்தது ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவைத்தான். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் விமானம் ஏறியது ஆராத்தி எடுக்க. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வந்து எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த குடும்பத்துப் பெண் மலர். அவளைக் கட்டிக்கொண்டு, அவள் அண்ணன் வழியாக லண்டன் போனவன் என் தம்பி ரவி. அவர்கள் மகள் அபிராமி பெரியவளாகிச் சில மாதம் கழித்து, யாழ்ப்பாண வழக்கப்படி மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்து, சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். தகப்பனுடன் பிறந்தவள் ஆராத்தி எடுக்காவிட்டால் சபையில் பேச்சு வரும் என்று டிக்கெட்டையே அனுப்பிவிட்டான் தம்பி. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, பெட்டியில் ஒரு பட்டுச்சேலையும் வாயில் கொஞ்சம் டீச்சர் இங்கிலீஷுமாக ஒரு மார்ச் மாதம் போய் இறங்கினேன். தொண்ணூறுகளின் கடைசி அது.

தம்பி குடியிருக்கும் தோர்ண்டன் ஹீத், லண்டனின் தெற்குப் பக்கம்; அங்கே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முகிறார்கள். காலையில் மலர் இடியப்பமும் சொதியும் வைத்தாள். அபிராமி அதே தட்டில் இங்கிலீஷ் சோளப்பொரியைக் கொட்டிப் பாலை ஊற்றினாள். தம்பி மனைவியிடம் 'ஓம்' என்கிறான், என் பக்கம் திரும்பி 'ஆமாக்கா' என்கிறான். பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வரும்போது மட்டும் இரண்டும் இடம் மாறிவிடும்.

"மச்சாள், நாளைக்கு டோரீனோட டவுனுக்குப் போட்டு வாங்கோ. கேக்குக்குச் சாமான் வாங்கோணுமாம்," என்றாள் மலர். "அவவின்ர கேக் இல்லாமல் இஞ்ச ஒரு சாமத்திய வீடும் நடக்காது."

டோரீன் பக்கத்து வீட்டுக்காரி. ஜமைக்காவில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவள். நாற்பதை நெருங்கும் வயது, தனி ஆள். வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை, வார இறுதியில் கேக். தமிழ்க்கடையில் மரவள்ளிக் கிழங்குப் பெட்டிக்குள் அவளும் மலரும் ஒரே கிழங்கைப் பிடித்து இழுத்ததில் தொடங்கிய சிநேகமாம் இது. தேங்காய்ப்பாலில் சிவப்பு பீன்ஸ் போட்டு அவள் சமைத்த சோற்றை முதல் நாளே மதிலுக்கு மேலாக நீட்டினாள். ஒரு வாய் சாப்பிட்டேன். அப்புறம் மலரின் பங்கையும் சாப்பிட்டேன். அவள் பேசிய ஆங்கிலம் பாதி எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதை என் திருச்சித் தமிழில்தான் எழுத வருகிறது.

புதன்கிழமை கேக் சாமான் மூட்டையோடு ரயிலில் திரும்பினோம். தோர்ண்டன் ஹீத்தில் வண்டி நின்றதும் நான் முதலில் எழுந்து கதவைத் தள்ளினேன். கதவு அசையவில்லை. உள்ளே கைப்பிடியே இல்லை. டோரீன் பைகளை விட்டுவிட்டு வருவதற்குள் விசில் ஊதி வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நிலையத்தில் அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பக்கம் இருந்த கைப்பிடியைத் திருகினாள்.

"இந்தப் பழைய பெட்டியில எல்லாம் வெளியே கை விட்டுத்தான் திறக்கணும் சிஸ்டர்," என்று சிரித்தாள். நம்மூர் ரயிலில் கதவு மூடியிருந்தால்தான் அதிசயம் என்றேன். திரும்பிப் போகும் ரயிலுக்காக அந்த நடைமேடையில் நின்றபோது சாரலும் காற்றுமாக அடித்தது. எனக்குப் பல் கிட்டியது. டோரீன் சிரிப்பை நிறுத்தி, கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, "இந்த ஈரக் குளிருக்கும் எனக்கும் ஆகாது," என்றாள். ஏன் என்று கேட்டேன். சிக்கிள் செல் என்றாள்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் சில வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே பழங்குடிப் பிள்ளைகளில் சிலருக்கு இது உண்டு. ரத்தத்தில் உருண்டையாக இருக்கவேண்டிய சிவப்பணு அரிவாள் போல வளைந்து, சின்னச் சின்னக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாத இடத்தில் எலும்புக்குள் வலிக்கும். மழைக்காலத்தில் அந்தப் பிள்ளைகள் கை கால் வலி என்று சுருண்டு படுப்பார்கள். எங்கள் தலைமையாசிரியர் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தார். ஒரு டாக்டர் வந்து ரத்தம் சோதித்துச் சொன்ன பிறகுதான் வாயை மூடினார். லண்டனில் இதைக் கறுப்பர்களின் நோய் என்கிறார்கள். நீலகிரியில் இருக்கிறதே என்று நான் சொன்னதும் டோரீன் ஏதோ சொந்தக்காரர் கிடைத்ததுபோல என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஐஸாக இருந்தன.

வியாழக்கிழமை காலை பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. மலரும் நானும் ஓடினோம். டோரீன் சமையலறை நாற்காலியில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை வலி, வீட்டிலிருந்த மாத்திரைக்கு அடங்கவில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றாள். நான் டாக்ஸி கூப்பிடப் போனேன். இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைத் தடுத்தார்கள்.

"பொறுங்கோ மச்சாள். ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் வடிவா வெளிக்கிட்டுத்தான் போகோணும். இல்லாட்டி இவங்கள் எங்களை ஆளா மதிக்கமாட்டாங்கள்."

வெளிக்கிடுவது என்றால் மலரின் பேச்சில் நன்றாக உடுத்திக் கிளம்புவது. டோரீனின் அம்மாவும் அதையேதான் சொல்லி வளர்த்தாளாம். வெள்ளைக்காரர் முன்னால் கசங்கிய துணியில் போனால் குடிகாரி என்பார்கள், சுத்தமாகப் போ என்று. ஆள் பாதி ஆடை பாதி என்று வளர்ந்த எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மூன்று பேருமாக ஒரு கல்யாணப் பெண்ணை ஜோடிப்பதுபோல ஜோடித்தோம். மலர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். நான் தலை வாரிவிட்டேன். டோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு கம்மல் மாட்டி, கண்ணாடி பார்த்து உதட்டுச்சாயம் பூசினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது எங்கள் மூன்று பேரில் அவள்தான் ஆரோக்கியமாகத் தெரிந்தாள்.

காத்திருப்புக் கூடத்தில் கையில் கட்டுப்போட்ட பையன்கள், இருமும் கிழவர்கள் எல்லாம் எங்களுக்கு முன்னால் போனார்கள். டோரீன் சத்தம் போடவில்லை. வலி ஏறும்போதெல்லாம் என்னிடம் ஏதாவது வேடிக்கை பேசினாள். பேசாமல் இருந்தால் வலி முழுசாகத் தெரியும் என்றாள். கடைசியில் ஒரு இளம் டாக்டர் வந்தார். அவருடைய ஆங்கிலம் இஸ்திரி போட்டது, அதனால் அவருக்கு எழுத்துத் தமிழ்.

"வலி எவ்வளவு?"

"இதுக்கு மேல இல்லை."

"பார்த்தால் அப்படித் தெரியவில்லையே. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தீர்களே."

வழக்கமாக எந்த ஊசிக்கு அடங்கும் என்று அவள் மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னாள். அங்கேதான் விஷயம் கெட்டது. டாக்டரின் புருவம் ஏறியது. இந்த மருந்தின் பெயர் உங்களுக்கு எப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும், வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டா என்று கேட்டார். திருச்சியில் மாத்திரைப் பெயர் சொல்லும் நோயாளியைப் படித்தவர் என்று நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். இங்கே அதுவே போதைக்காரியின் அடையாளமாகிவிட்டது. ஒரு அட்டை மாத்திரையைக் கொடுத்து, வெதுவெதுப்பாக இருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபத்தில் இங்கிலீஷ் ஒரு வார்த்தை வரவில்லை. தமிழில் நிறைய வந்தது, நல்லவேளை அவருக்குப் புரியவில்லை.

திரும்பி வர டாக்ஸி கிடைக்கவில்லை. பஸ் பாதி வழியில் நின்று, எஞ்சின் கோளாறு, எல்லோரும் இறங்குங்கள் என்றார்கள். டோரீன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றாள். மலர் தன் கோட்டைக் கழற்றி அவள் கோட்டுக்கு மேல் போர்த்தினாள். வழியில் போன ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு, "நாடகக்காரங்க போலிருக்கு," என்று தோழியிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், டோரீன் இரண்டு தொடையிலும் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கேக்குக்கு ரோஜாப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். கேக் கிடக்கட்டும் என்றேன்.

"இந்த வலி வரும்போதெல்லாம் வேலையை நிறுத்தினா எனக்கு வேலையே இருக்காது சிஸ்டர். என்னைப் பத்தி 'அடிக்கடி லீவு போடறவ'ன்னு பள்ளிக்கூடத்துல ஏற்கெனவே பேச்சு. பூவை நான் வைப்பேன்."

வைத்துக்கொண்டே அண்ணனைப் பற்றிச் சொன்னாள். அவனுக்கும் இதே நோய். வேலை தேடி அமெரிக்கா போனவன். இன்சூரன்ஸ் இருந்த வேலை போனதும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டான். கடைசியில் வலி தாங்காமல் ஒரு ஆஸ்பத்திரியில் போய்க் கத்தியிருக்கிறான். போதைக்கு அலைகிறவன் என்று காவலாளியைக் கூப்பிட்டு வெளியே விட்டார்கள். வலி நெஞ்சுக்கு ஏறி, மூச்சு முட்டி, விடிவதற்குள் போய்விட்டான்.

"இந்த நோயில கை கால் வலியைச் சமாளிக்கலாம். நெஞ்சுக்கு ஏறினா ஒரு மணி நேரம்கூட வீட்டுல இருக்கக்கூடாது. அங்கேயும் இதேதான், இங்கேயும் இதேதான். ஒரே வித்தியாசம், இங்கே பில் வராது."

சனிக்கிழமை சடங்கு. விடிந்ததும் வீடு தலைகீழாகிவிட்டது. நான் பட்டுச்சேலை கட்டி, வளையல் பூட்டி, மலர் எங்கிருந்தோ வரவழைத்த மல்லிகையை வைத்துக்கொண்டு, தம்பியோடு கேக் எடுக்கப் போனேன். மேசைமேல் கேக் மூன்று அடுக்காகத் தயாராக நின்றது. டோரீன் அதன் பக்கத்தில் ஒரு கையால் மேசையையும் மறு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை அறுந்தது.

"நெஞ்சுக்கு ஏறிடுச்சு," என்றாள்.

உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய் என்றேன் தம்பியிடம். வர நேரமாகும் என்றார்கள். தம்பி வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "அக்கா, நான் கொண்டுபோய் விடறேன். ஆனா நீ கூடப் போய் அங்க சண்டை கிண்டை போடாதே. நாமளே வந்து குடியேறினவங்க. இன்னிக்கு ஆராத்திக்கு நீ இல்லைன்னா என்ன ஆகும் தெரியுமா?"

சத்தம் கேட்டு மலர் பாதி கட்டிய சேலையோடு வந்துவிட்டாள். டோரீனை ஒரு பார்வை பார்த்தாள். "மச்சாள், நீங்கள் போங்கோ. நான் தாய், மண்டபத்தை விட்டு வர ஏலாது. ஆராத்தி ஆரும் எடுக்கலாம். இவவுக்கு இப்ப ஆர் இருக்கினம்?"

"சனம் என்ன சொல்லும், மலர்?" என்றான் தம்பி.

"சொல்லட்டும். நீங்கள் முதல்ல வானை எடுங்கோ."

எனக்கு ஒரு யோசனை. டோரீன் இரவு உடுப்பில் இருந்தாள். இப்படியே வா, தலையைக் கலைத்துவிடுகிறேன், வாசலிலேயே விழுந்து அழு, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றேன். அழ வராவிட்டால் நான் அழுகிறேன், எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

டோரீன் தலையை ஆட்டினாள். "எங்கண்ணன் கத்தினான். வெளியே விட்டாங்க. நான் கத்தலை. வீட்டுக்கு அனுப்பினாங்க. அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி வலிக்க எனக்குத் தெரியலை சிஸ்டர்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்த வெள்ளைச் சட்டையை எடு. நான் எப்படிப் போவேனோ அப்படித்தான் போவேன்."

பொத்தானை நான் போட்டுவிட்டேன். கம்மலை மலர் மாட்டினாள்.

வழியில் தம்பி சிவப்பு விளக்கு ஒன்றைத் தாண்டினான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் எங்களை இறக்கிவிட்டு, கேக்கோடு மண்டபத்துக்குப் போனான்.

அவசரப் பிரிவில் ஒரு பட்டுச்சேலையும் ஒரு வெள்ளைச் சட்டையும் நுழைந்ததும் கூடமே திரும்பிப் பார்த்தது. பதிவு செய்யும் பெண், வரிசையில் உட்காருங்கள் என்றாள். உட்காரமாட்டேன் என்றேன். சத்தம் போடவில்லை. வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் எனக்கு உண்டு, அதைத்தான் எடுத்தேன். "இவளுக்குச் சிக்கிள் செல். நெஞ்சு வலிக்கிறது. நேற்று முன்தினம் திருப்பி அனுப்பினீர்கள். சட்டைக்கு இஸ்திரி போட்டது நாங்கள், அதனால் இவளுக்கு வலி இல்லை என்று ஆகாது. முகத்தைப் பார்க்காதீர்கள். மூச்சை எண்ணுங்கள்."

நரைத்த தலை நர்ஸ் ஒருவர், அயர்லாந்துக்காரர் என்று பிறகு தெரிந்தது, உள்ளேயிருந்து வந்தார். டோரீனின் தோளில் கை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணி முடிக்கும் முன்பே தள்ளுவண்டியைக் கூப்பிட்டார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஒரு கிளிப்பை டோரீனின் விரலில் மாட்டி, அதில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு யாரையோ உரக்க அழைத்தார்.

வண்டியோடு நானும் போனேன். வாசலில் ஒருவர் கையை நீட்டினார். "நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு?"

திருச்சியில் எந்த ஆஸ்பத்திரியிலும் முதல் கேள்வி, கூட வந்தது யார் என்பதுதான். துணைக்கு ஆள் இல்லாமல் அங்கே கட்டிலே கிடைக்காது. இங்கே துணைக்கு ஆள் இருந்தால் வெளியே போகச் சொல்கிறார்கள். "நான் இவளுடைய துணை," என்றேன். அவர் என் சேலையையும் பூவையும் பார்த்தார், டோரீனைப் பார்த்தார், என்ன புரிந்துகொண்டாரோ தெரியவில்லை, நீட்டிய கையை எடுத்துவிட்டார்.

ஊசி போட்டார்கள். சொட்டு மருந்து ஏற்றினார்கள், மூக்குக்கும் வாய்க்குமாக ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் பாதிப்பு தொடங்கிவிட்டது, நல்லவேளை வந்தீர்கள், ரத்தம் மாற்ற வேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார். டோரீன் கண்ணை மூடியிருந்தாள். அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் அங்கே மண்டபத்தில் யாரோ ஆராத்தி சுற்றியிருப்பார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காக எழுந்து போகத் தோன்றவில்லை.

மத்தியானம் போல வியாழக்கிழமை பார்த்த இளம் டாக்டர் வந்தார். கையில் அவளுடைய நோய்க்குறிப்புக் கோப்பு. எங்களை அடையாளம் தெரிந்துகொண்டதும் முகம் சிவந்துவிட்டது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன், தூக்கம் இல்லாத கண். ஆனாலும் அவர் சொன்னது இது:

"இவ்வளவு மோசமென்று அன்றைக்கே சொல்லியிருந்தீர்களானால் அன்றே சேர்த்திருப்போம்."

டோரீன் கண் திறந்தாள். மாஸ்க்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னேன்."

"மாஸ்க்கைப் போடுங்கள்."

"வியாழக்கிழமை வந்தேன். வலின்னு சொன்னேன். நீங்க நம்பலை. அதை அதுல எழுதுங்க." ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. "அடுத்த தடவை வரும்போது நீங்க இருக்கமாட்டீங்க. வேற ஒருத்தர் இருப்பார். அவர் படிக்கட்டும்."

"முதலில் மாஸ்க்."

"முதல்ல எழுதுங்க."

நான் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று கை எடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டேன். கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற நரைத்த நர்ஸ் டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டோரீனின் விரலில் மாட்டியிருந்த கருவி, ஆக்ஸிஜன் குறைகிறது என்று கத்தத் தொடங்கியது.

டாக்டர் பேனாவைத் திறந்து அவசரமாக எழுதினார்.

"படிங்க."

"நோயாளி வியாழக்கிழமை வந்து கடுமையான வலி என்று தெரிவித்தார்."

"அப்புறம்?"

அவர் மறுபடி குனிந்து எழுதினார். இந்தத் தடவை மெதுவாக எழுதினார். "அவர் சொன்னதை நான் நம்பவில்லை," என்று தாழ்ந்த குரலில் படித்தார்.

"சத்தமா."

படித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டோரீன் மாஸ்க்கை எடுத்து முகத்தில் பொருத்திக்கொண்டாள்.